அடுத்த தைக்கு எழுப்பலாம்

உமரித்திட்டில் ஐப்பசி பிறந்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. மழைத் தண்ணீரில் பாத்திகள் கரைந்து சேறாகிக் கிடக்கும். அதை வெட்டிச் சீர்செய்து மறுபடி உப்பு வாருவதற்குள் தை முடிந்துவிடும். நடுவில் உள்ள மாதங்களை ஊர்ச்சனங்கள் ஒரு வேளைக் கஞ்சியிலும் கடுங்காப்பியிலும் தள்ளினார்கள். மழை வந்தால் பிள்ளைகள் காகிதக் கப்பல் விடுவார்கள் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தபோது, சந்தனமாரிக்கு அது வேறு ஏதோ தேசத்துக் கதை போல இருந்தது. அவளுக்கு மழை என்றால் பசி.

அப்பா இல்லை. அளத்து வெயிலில் நின்று நின்று சிறுநீரகம் கெட்டு, தங்கை சுபிக்ஷா கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துபோனார். அம்மா பேச்சித்தாய்தான் இரண்டு பேரையும் வளர்த்தாள். உப்புத் தண்ணீரில் நிற்பதால் அவள் பாதம் முழுக்க வெடிப்பு. மழைக்காலத்தில் மட்டும் அது ஆறும். "காலுக்கு நல்ல காலம், வயித்துக்குக் கெட்ட காலம்" என்று அதையும் சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

மாரி எட்டாம் வகுப்பு படித்த வருஷம் ஊருக்குத் துயிலகம் வந்தது.

கடற்கரைப் பக்கம் மூடிக்கிடந்த பழைய ஐஸ் கம்பெனியை வெளிநாட்டு அறநிதியம் ஒன்று வாங்கி, வெள்ளையடித்து, உள்ளே வரிசையாகக் கண்ணாடிப் படுக்கைகள் போட்டது. சென்னையிலிருந்து வந்த டாக்டர் வைதேகி வீடு வீடாக ஏறி இறங்கினாள். இருபத்தேழு இருபத்தெட்டு வயசுதான் இருக்கும். பேச்சித்தாயின் வீட்டு வாசலில், கவிழ்த்துப் போட்ட உப்புக்கூடையின் மேல் உட்கார்ந்து விளக்கினாள்.

"கரடியெல்லாம் பனிக்காலத்துல மாசக்கணக்கா தூங்கும். ஒண்ணும் சாப்பிடாது. அது ரத்தத்துல இருக்கிற ஒரு பொருளை வச்சுத்தான் இந்த மருந்தைச் செஞ்சிருக்காங்க. ஊசி போட்டுக் குளிர்ந்த அறையில படுக்க வச்சா உடம்பு ரொம்ப மெதுவா ஓடும். பசிக்காது. ஒரு நாள் சோறு ஒரு மாசத்துக்குக் காணும். வயசும் அவ்வளவா ஏறாது. மழை முடிஞ்சதும் எழுப்பி விட்டுருவோம், நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போகலாம்."

"கனவு வருமா?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

"வராதும்மா."

"அப்ப சாவு மாதிரிதான்."

"சாவுல எந்திரிக்க முடியாதே."

பேச்சித்தாய் கொஞ்சம் யோசித்தாள். "தப்பா நினைக்காதீய. அந்த மூணு மாசச் சோத்தையே எங்களுக்குக் குடுத்துரலாம்லா?"

வைதேகி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினாள். "நானும் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு இதைத்தான் கேட்டேன். ஒருத்தருக்குச் சோறு போடற செலவுல ஆறு பேரைத் தூங்க வைக்கலாமாம். பீகார்ல பசி இருக்கு, ஆப்பிரிக்காவுல பசி இருக்கு. கையில இருக்கறது கொஞ்சம் பணம்தான். அதை வச்சு நிறையப் பேரைக் காப்பாத்தணும்னா இதுதான் வழின்னு சொன்னாங்க. எனக்கும் மறுத்துச் சொல்லத் தெரியல."

பள்ளிக்கூடம் மழைக்காலத்திலும் நடக்கும். ஆறாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளை அரசு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள், அங்கே சோறு உண்டு. சுபிக்கு நாலு வயசு. அவளை எங்கேயும் சேர்க்க முடியாது. பேச்சித்தாய்க்கு முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. "படிக்கிறவ முழிச்சிருக்கட்டும். நானும் சின்னவளும் போறோம்" என்றாள்.

தையில் அவர்களைக் கூட்டிவர மாரி போனாள். இரண்டு பேரும் முகம் வீங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். சுபி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து குட்டி போட்டுச்சே பூனை, அது எங்க?" என்று கேட்டாள். அந்தக் குட்டிகள் பெரிசாகி ஆளுக்கொரு பக்கம் போயிருந்தன. மாரி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஐப்பசியில் இருந்த அதே எடை. அந்த வருஷம் உமரித்திட்டில் மழைக்காலத்தில் ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், அதனால் யாரும் துயிலகத்தைப் பற்றிக் குறை சொல்லவில்லை.

அடுத்தடுத்த வருஷங்களில் அது பழகிவிட்டது. நவராத்திரி முடிந்ததும் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு சனங்கள் துயிலகத்துக்கு நடந்தார்கள். தீபாவளியை மறந்தே போனார்கள். சுபி படிப்பில் பின்தங்கிக்கொண்டே வந்தாள். வருஷத்தில் மூன்று மாதத்துக்கு மேல் பள்ளிக்குப் போகாததால் ஒரே வகுப்பில் இரண்டு இரண்டு வருஷம் உட்கார்ந்தாள். அவளோடு படித்த பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அவளைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டார்கள்.

மாரி பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்த சித்திரையில், ஒரு நாள் மத்தியானம் எதிர்பாராமல் கோடைமழை அடித்தது. வாரிக் குவித்த உப்பெல்லாம் கரைகிறதே என்று சனங்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு அளத்துக்கு ஓடினார்கள். மாரியும் அம்மாவும் ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தால் சுபியைக் காணோம். வீட்டுக்குள், அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"என்னட்டி, என்ன செய்யுது?"

"மேல இருந்து என்னமோ விழுது. சத்தமா விழுது."

"மழைதாம்ட்டி. மழை பெய்யுது."

சுபி அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாள். பாட்டில் பாடியிருக்கிறாள். ஆனால் நினைவு தெரிந்த பிறகு அவள் மழையைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் மற்ற இருவருக்கும் உறைத்தது. பேச்சித்தாய் மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவளுடைய சேலையில் சொட்டிய தண்ணீரைப் பார்த்துக்கூட சுபி முகத்தைத் திருப்பினாள்.

"இனி இவள நான் உறங்கப் போட மாட்டேன்" என்று அன்று சாயங்காலம் பேச்சித்தாய் சொன்னாள்.

ஆனால் விழித்திருந்தால் சாப்பிட வேண்டும். அந்த வருஷம்தான் அளத்துக்கு உப்பு வாரும் எந்திரம் வந்தது. நூறு பேர் செய்த வேலையை நாலு பேர் செய்தார்கள். மழைக்காலத்துக்கு மட்டும் இல்லாமலிருந்த வேலை இப்போது வெயில் காலத்துக்கும் இல்லை. கடற்கரையை ஒட்டி ஹைட்ரஜன் ஆலை வரப்போகிறது, ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று பேசிக்கொண்டார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை.

வைதேகி மறுபடி வந்தாள். இந்தத் தடவை நெடுந்துயில் என்று ஒரு புதுத் திட்டம். வேலை இல்லாத பெரியவர்கள் வருஷக்கணக்கில் தூங்கலாம். அப்படித் தூங்குகிறவர்களின் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் வரும். பிள்ளைகள் சாப்பிடலாம், படிக்கலாம்.

"பொருளாதாரம் வளர்ந்துக்கிட்டுத்தான் இருக்கு. இங்கேயும் வந்து சேரும். வந்து சேர்ற வரைக்கும் எப்படித் தாங்கறதுங்கறதுதான் பிரச்சினை. அதுக்குத்தான் இது" என்றாள். அவள் குரலில் பழைய உற்சாகம் இல்லை. "ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. இது மூணு மாசத் தூக்கம் மாதிரி இல்ல. எழுப்பிட்டா திரும்பத் தூங்க வைக்க முடியாது, உடம்பு தாங்காது. எழுப்பின அன்னைக்கே பணமும் நின்னுரும். எப்ப எழுப்பறதுன்னு வீட்டுல ஒருத்தர்தான் முடிவு பண்ணணும். வருஷா வருஷம் தை மாசம் வந்து சொல்லணும். பதினெட்டு வயசு ஆகியிருக்கணும்."

பேச்சித்தாய் மாரியைப் பார்த்தாள். மாரிக்கு அந்த மாசிதான் பதினெட்டு முடிந்திருந்தது.

"வேண்டாம்மா" என்றாள் மாரி. "நான் வேலைக்குப் போறேன். படிப்பு என்னத்துக்கு?"

"நீ என்ன வேலைக்குப் போவ? இருக்கிற வேலைக்கே ஆள் கூடிப்போச்சு. பாலிடெக்னிக்ல இடம் கிடைச்சிருக்குன்னு சொன்னேல்லா, படி. ஆலை வரும்போது சுத்தியலத் தூக்கிட்டு நிக்கவா போற? படிச்சிட்டு நில்லு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு என்ன கஷ்டம் அதுல? உறங்கப்போறேன். அம்புட்டுதான?"

துயிலகத்தின் வாசலில் அவள் சுபிக்கு இறுகத் தலை பின்னிவிட்டாள். அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். கதவுக்குள் கால் வைக்கும்முன் மாரியின் தோளைத் தொட்டு, "சின்னவ பெரியபிள்ள ஆகும்போது என்னய எழுப்பிரு. அத நான் பாக்கணும். வேலை இருக்கோ இல்லியோ, எழுப்பிரு" என்றாள்.

"சரிம்மா."

"பாத்துக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பணம் சொன்னபடி வந்தது. மாரி பாலிடெக்னிக்கில் வேதியியல் படித்தாள். காலையில் சுபிக்குச் சோறு பொங்கி வைத்துவிட்டு பஸ் பிடித்தாள், சாயங்காலம் வந்து அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். சுபி வேகமாக வளர்ந்தாள். இரண்டே வருஷத்தில் பழைய பாவாடையெல்லாம் முழங்காலுக்கு ஏறிவிட்டது. முதல் மழைக்காலம் முழுக்க அவள் அக்காவின் முந்தானைக்குள் ஒளிந்திருந்தாள். அடுத்த மழையில் கையை மட்டும் வெளியே நீட்டினாள்.

படிப்பு முடிந்தும் மாரிக்கு வேலை கிடைக்கவில்லை. ஆலையின் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு மருந்துக்கடையில் நின்றாள், அதுவும் இரண்டு வருஷம் ஆயிற்று. அந்தச் சமயத்தில்தான் ஒரு கார்த்திகை மாதத்தில் சுபி பெரியவளானாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் உளுந்தங்களி கிண்டிக் கொண்டுவந்து, பழைய சேலையால் மறைப்புக் கட்டி அவளை உட்கார வைத்தார்கள்.

"எக்கா, அம்மாகிட்ட எப்ப சொல்லுவ?" என்று கேட்டாள் சுபி.

"தையில போயிச் சொல்லிருவேன்."

தையில் மாரி போனாள். எழுப்பத்தான் போனாள். வைதேகி அவளை உட்கார வைத்து, "அம்மாவுக்கு வேலை ஏதாவது பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டாள். இல்லை. "உன் சம்பளத்துல மூணு பேர் சாப்பிட முடியுமா?" முடியாது. பஸ்ஸுக்கும் அரிசிக்குமே சரியாக இருந்தது. சுபி ஏழாம் வகுப்புக்குப் போகிறாள், இப்போது பணம் நின்றால் அவளும் படிப்பை நிறுத்த வேண்டியதுதான். "நான் எதுவும் சொல்லக்கூடாது. நீதான் முடிவு பண்ணணும்" என்று வைதேகி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மாரி கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பாதம் இரண்டும் குழந்தையின் பாதம் மாதிரி ஆகியிருந்தன.

"அடுத்த தைக்கு எழுப்பலாம் டாக்டர். கொஞ்சம் நல்லா ஆகட்டும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சுபியிடம் சொன்னபோது அவள் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வந்தாள், சாப்பிட்டாள். அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதா என்று அதற்குப் பிறகு அவள் ஒருபோதும் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் ஆலை திறந்தது. மாரிக்கு ஆய்வகத்தில் தண்ணீர் சோதிக்கும் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். இப்போது எழுப்பலாம்தான். ஆனால் வீடு இன்னும் அதே ஓலைக்கொட்டகை, மழைக்கு ஒழுகுகிறது. எழுந்து வருகிற அம்மா மறுபடி இந்த ஒழுகலுக்கா வரவேண்டும்? ஒரு நல்ல வீடு கட்டி, அதில் அவளைக் கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று மாரிக்கு ஆசை வந்தது. ஆசை நல்ல ஆசைதான். வீடு கட்டி முடிக்க ஆறு வருஷம் பிடித்தது. அதற்குள் சுபி கல்லூரிக்குப் போய்விட்டாள், கோயம்புத்தூரில். அந்தச் செலவுக்கு அம்மாவின் பேரில் வந்த பணம் தேவையாக இருந்தது.

மாரிக்கு வந்த வரன்களை எல்லாம், "அம்மா எந்திரிக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்று சொல்லித் தட்டிக்கழித்தாள். சொல்லிச் சொல்லியே அந்த வயது கடந்துபோனது. வரன்கள் வருவது நின்றபோது அவளுக்கு அது பெரிய வருத்தமாகவும் இல்லை.

சுபிக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் பேசினார்கள். மாரி துள்ளிக் குதிக்காத குறைதான். இந்தத் தையில் எந்தச் சாக்கும் இல்லை, அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து மணவறைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவது என்று முடிவு செய்து, சுபிக்கு போன் போட்டாள்.

மறுமுனையில் சுபி எழுந்துபோய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எக்கா, அவிய வீட்டுல அம்மா இறந்துட்டாங்கன்னு சொல்லியிருக்கேன்."

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"தூங்குறவ வீடுன்னு தெரிஞ்சா எப்படிப் பாப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? இங்க அப்படித்தான் சொல்லுதாங்க. உழைக்க மாட்டாம படுத்துக்கிட்டு அடுத்தவன் காசுல தின்ன கூட்டம்னு. நான் அதுக்குள்ள இருந்து வந்தவன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது." சுபி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கல்யாணம் முடியட்டும்க்கா. அப்புறம் நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். ஒரே ஒரு வருஷம்."

மாரி போனைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையில் நின்றாள். தங்கையின் மேல் கோபம் வரவேண்டும் என்று பார்த்தாள். வரவில்லை. தானும் ஆலையில் யாரிடமும் அம்மா எங்கே இருக்கிறாள் என்று சொன்னதில்லை என்பது ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு வந்த தை மாதங்களுக்குக் காரணம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது. எழுந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? சுபி பெரியபிள்ளை ஆனதை எழுப்பிக் காட்டவில்லை. கல்யாணத்தைக் காட்டவில்லை. பிறகு அவளுக்குப் பிள்ளை பிறந்ததைக் காட்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் சொல்ல வேண்டியது கூடிக்கொண்டே போனது, கூடக் கூட வாய் திறப்பது கஷ்டமானது. மாரி துயிலகத்துக்குப் போவாள், கண்ணாடி வழியாகப் பார்ப்பாள், விரலை வைத்துச் சம்மதம் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். ஒரு வருஷம் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, படுத்திருப்பவளுக்கும் தனக்கும் ஒரே வயது என்று தோன்றியது. அக்கா தங்கை என்று சொன்னால் நம்புவார்கள். அதற்கடுத்த வருஷம் மாரி தலைக்குச் சாயம் பூசத் தொடங்கினாள்.

"நீ மட்டும் இல்ல" என்றாள் வைதேகி ஒருமுறை. அவளுக்கும் இப்போது கண்ணாடி, முழங்கால் வலி. "உமரித்திட்டுல பாதிப் பேர் இன்னும் உள்ளதான் இருக்காங்க. பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்காங்க, வருஷா வருஷம் கார்ல வர்றாங்க. எல்லாரும் சொல்றது ஒண்ணுதான். இன்னும் கொஞ்சம் நல்லா ஆகட்டும். ஆப்பிரிக்காவுல மலாவி நாட்டுல ஒரு துயிலகத்துக்குப் போயிருந்தேன், அங்கேயும் அவங்க பாஷையில இதையேதான் சொல்றாங்க."

"நீங்க எழுப்பிருக்கலாம்லா டாக்டர்?"

"அந்த உரிமை எனக்குக் கிடையாதே." பிறகு, "இருந்திருந்தாலும் செஞ்சிருப்பேனான்னு தெரியல. எழுந்து வந்தா அவங்க ஏழைங்க. வீடு கிடையாது, வேலை கிடையாது, தெரிஞ்ச தொழிலும் இல்ல. உள்ள இருக்கற வரைக்கும் அவங்க ஏழை இல்ல பாரு" என்றாள்.

அதன் பொருள் மாரிக்கு அடுத்த ஆண்டு புரிந்தது. மாவட்டத்தில் வறுமை அடியோடு ஒழிந்துவிட்டதாகப் பெரிய விழா எடுத்தார்கள். ஆலையின் சார்பில் மாரிக்கு மூன்றாவது வரிசையில் நாற்காலி கொடுத்திருந்தார்கள். இப்படி ஒழித்த மாவட்டங்கள் உலகத்தில் இன்னும் எத்தனையோ இருக்கின்றன என்று மேடையில் ஒருவர் திரையில் படம் காட்டினார். ஏறிக்கொண்டே போன கோட்டைப் பார்த்து எல்லாரும் கைதட்டினார்கள். மாரியும் தட்டினாள். அந்தக் கோட்டில் பொய் இல்லை. ஓலைக்கொட்டகைகள் இல்லை, பசித்த குழந்தை இல்லை, அவளே அதற்குச் சாட்சி.

விழா முடிந்து வெளியே வரும்போது வைதேகியைப் பிடித்து, "தூங்குறவங்கள எதுல சேத்திருக்காவ?" என்று கேட்டாள்.

"எதுலயும் இல்ல. அவங்களுக்குச் சாப்பாட்டுத் தேவை இல்ல, துணிமணி தேவை இல்ல. தேவைக்குக் கீழ இருந்தாத்தானே வறுமை?"

வைதேகி ஓய்வுபெற்றுச் சென்னைக்குப் போனாள். அதற்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து, மாரியும் ஓய்வை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், துயிலகத்திலிருந்து ஒரு பையன் போனில் பேசினான். மிக மரியாதையாகப் பேசினான்.

"மேடம், இந்த மாவட்டத்துல இனிமே இது தேவை இல்லைன்னு நிதியம் முடிவு பண்ணியிருக்காங்க. கட்டடத்தை மூடறோம். உள்ளே இருக்கிறவங்களை ஒடிசாவுக்கு மாத்தறோம், அங்க இடம் இருக்கு. நீங்க அங்க போய்ப் பாத்துக்கலாம். இல்லைன்னா இந்த வாரத்துக்குள்ள எழுப்பிக்கலாம். எது வசதின்னு சொல்லுங்க."

எது வசதி. மாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முன்னே பாத்திகள் இருந்த இடத்தில் ஆலையின் வெள்ளைத் தொட்டிகள் நின்றன. அவளுக்குத் தேவையானது எல்லாம் வீட்டில் இருந்தது. மாடியில் அம்மாவுக்கென்று கட்டிய அறை பல வருஷங்களாகப் பழைய துணிகளை வைக்கப் பயன்பட்டது.

"எழுப்பிருங்க" என்றாள்.

சுபி ஓசூரிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியில் எங்கும் நிறுத்தவில்லை என்றாள். துயிலகத்தின் வாசலில் கார் நின்றதும் இறங்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "நீ மொதல்ல போக்கா. நான் வாரேன்" என்றாள். அவளுக்கும் காதோரம் நரைத்திருந்தது. மாரி அவளை வற்புறுத்தவில்லை.

உள்ளே பாதிப் படுக்கைகள் காலியாகக் கிடந்தன. தொழிலாளிகள் மற்றவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாயைக் கடைசியில் உள்ள சின்ன அறைக்கு மாற்றி, வெதுவெதுப்பான போர்வை போர்த்தியிருந்தார்கள். "எல்லாத்தையும் ஒரேயடியாச் சொல்லிராதீங்க. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லுங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள்.

மாரி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் கிளம்பும்போது என்ன பேச வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தாள். அது வரிசையாக நினைவில் இருந்தது. வெகுநேரம் கழித்து பேச்சித்தாயின் உதடுகள் அசைந்தன. மாரி ஈரத்துணியால் அவற்றை நனைத்தாள். கண்கள் மெல்லத் திறந்தன, வெளிச்சத்துக்குச் சுருங்கின. பிறகு மாரியின் முகத்தில் வந்து நின்றன.

நல்ல சேலையும் கண்ணாடியும் கைக்கடிகாரமுமாக ஒரு வயதான அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பேச்சித்தாய் கூச்சப்பட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்ள முயன்றாள். கை வரவில்லை. மாரி இழுத்துவிட்டாள்.

"நீங்க... நிதியத்துல இருந்து வந்திருக்கியளாம்மா?" என்றாள் பேச்சித்தாய். அதிகாரிகளிடம் பேசும்போது அவளுக்கு வரும் அதே தாழ்ந்த குரல்.

மாரி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

"எழுப்பச் சொல்லிட்டாளா எம்மவ? நல்ல பிள்ள. சொன்னா சொன்னபடி செய்வா." மூச்சு வாங்கியது. வெடிப்பில்லாத கால்களை ஒன்றோடொன்று உரசிக்கொண்டாள். "அப்ப சின்னவ பெரியபிள்ள ஆயிட்டா. வெளிய நிக்காளுவளாம்மா ரெண்டு பேரும்?"

யோசித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட மாரிக்கு வாயில் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பேச்சித்தாய் அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள். எழும்பாத கையை எப்படியோ எழுப்பி அவளுடைய மணிக்கட்டைத் தொட்டாள்.

"என்னம்மா, அழுதியளே? உங்க வீட்டுலயும் ஆரும் உறங்குதாவளா உள்ள?"

"எங்கம்மா" என்றாள் மாரி.

"ஐயோ. இம்புட்டு வயசுல உங்களுக்கு அம்மை இருக்காவளா? எழுப்பியாச்சா?"

"இப்பத்தாம்மா எழுப்புனேன்."

"நல்லதாப்போச்சு. பிள்ளைய முகத்தப் பாத்தா அவியளுக்கு மனசு ஆறிரும். போங்க, போயி அவிய பக்கத்துல இருங்க" என்றாள் பேச்சித்தாய். "எனக்கு எம் பிள்ளைய வந்துருவாளுவ."

மாரி எழுந்திருக்கவில்லை.